கல் இளைத்த கதை

என் வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. கல்யாணமான புதிதில், மனுஷனுக்கு மூலம் ஏதும் இருக்குமோ, சொல்ல வெட்கப்படுகிறாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன். அப்படியொன்றும் இல்லை. சுபாவமே அதுதான். சாப்பிடுவது நின்றுகொண்டு, பேப்பர் படிப்பது நடந்துகொண்டு. நாம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார். குட்டி போட்ட பூனைகூட ஒரு நேரம் ஓய்ந்து படுக்கும். இவர் படுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

இவர் செய்கிற தொழிலோ தராசு ரிப்பேர். ஆடாமல் நிற்கவேண்டிய பொருளை இவர் கையில் கொடுத்திருக்கிறார் கடவுள். அவருக்கும் கொஞ்சம் கிண்டல் உண்டு.

கடைவீதியில் பூட்டு சாவிக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. ஷட்டர் முக்கால்வாசிதான் மேலே ஏறும். வருகிறவர் யாராக இருந்தாலும் எங்களுக்குக் கும்பிடு போட்ட மாதிரி குனிந்துதான் வரவேண்டும். முன்பக்கம் கண்ணாடி மேஜையில் சமையலறைத் தராசு, குழந்தைக்கு எடை பார்க்கும் தராசு, பார்சல் தராசு என்று விற்பனைக்கு இருக்கும். அங்கே நான். பின்பக்கம் நீள மேஜை, சால்டரிங் புகை, வயிற்றைத் திறந்து போட்டபடி மேடைத் தராசுகள். மேடைத் தராசு என்றால் மூட்டை தூக்கி வைக்கிற பெரிய இரும்புத் தராசு. ஆளே ஏறி நிற்கலாம். அங்கே அவர். வாடிக்கையாளர்களிடம் பேசுகிற வேலை என்னுடையது. அவரிடம் விட்டால் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். என்னிடம் கோபித்துக்கொள்ள இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

வீட்டில் மூன்று பேர். நான், அவர், அவருடைய தங்கை. என் நாத்தனாருக்கு இருபத்திரண்டு வயது. அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன்தான் வளர்த்தார். மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தெல்லாம் இல்லை, ஓடிக்கொண்டே வளர்த்தார். அவளுக்கு ஒரு தலைவலி என்றால் மாத்திரை வாங்க செருப்பு போடாமல் ஓடுகிற மனுஷன். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். எங்களுக்குள்ளும் சண்டை உண்டு. ஆனால் அவரோடு சண்டை போட வேண்டியதே நிறைய இருந்ததால் எங்கள் சண்டைக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவளைக் கடைவீதி முழுக்க ‘கல்லு’ என்றுதான் கூப்பிடும். எடைக்கல்லில் இருந்து வந்த பட்டப்பெயர். ஒரு தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, எடை தெரிந்த கல் வேண்டும். அரசாங்க முத்திரை குத்திய இருபது கிலோ இரும்புக் கற்கள் ஐந்து எங்களிடம் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் அதைத் தூக்கி வைத்து இறக்கினால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? அதனால் கற்களை வைத்து ஒருமுறை எண்ணை செட் பண்ணிவிட்டு, அதன்பிறகு நடுநடுவே பார்ப்பதற்கெல்லாம் தங்கையை ஏற்றிவிடுவார். துணிக்கடை வேலைக்குப் போகிற வழியில் அவள் கடைக்குள் எட்டிப்பார்ப்பாள். “ஏறு,” என்பார். ஏறுவாள். ஐம்பத்திரண்டு. விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஐம்பத்திரண்டு, காய்ச்சலில் படுத்து எழுந்தாலும் ஐம்பத்திரண்டு. முன்னே பின்னே கால் கிலோ அசைந்தால் அதிகம். பல வருஷமாக அப்படித்தான்.

“நான் உனக்குத் தங்கச்சியா, எடைக்கல்லா?” என்று கேட்பாள்.

“கல்லு துருப்பிடிக்கும். நீ துருப்பிடிக்க மாட்ட. இறங்கு, இறங்கு, வேலை கெடக்கு,” என்பார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாசம் அவ்வளவுதான்.

வம்பு வந்தது இரும்புக் கற்களால். எடைக்கற்களையும் அவ்வப்போது அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பி, தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் புது முத்திரை குத்தி வாங்கவேண்டும். இந்தத் தடவை நாங்கள் அனுப்பிய நேரம் பார்த்து அந்த அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. எங்கள் கற்கள் எந்த அறையில், எந்த மூட்டைக்குக் கீழே இருக்கின்றன என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தார்கள். வாரங்கள் ஓடின. கல் இல்லாமல் தராசு ரிப்பேர் பண்ணக்கூடாது என்பது சட்டம். ஆனால் வாடகை சட்டப்புத்தகம் படிப்பதில்லை, வாடிக்கையாளரும் படிப்பதில்லை.

“அதான் நம்ம கல்லு இருக்காளே,” என்றார் இவர்.

முதலில் வந்தது மாவு மில் தராசு. ரிப்பேரை முடித்துத் தங்கையை ஏற்றினார். ஐம்பத்தொன்று காட்டியது. “ஒரு கிலோ குறைச்சுக் காட்டுது பாரு,” என்று ஒரு பட்டனை அழுத்தி, ஐம்பத்திரண்டு என்று திருத்திவிட்டார். அடுத்தது கூரியர் ஆபீஸ் தராசு. அது ஐம்பது காட்டியது. திருத்தினார். அதற்கடுத்தது லாண்டரிக் கடையுடையது. அது இன்னும் குறைவு.

“மழைக்காலம். ஈரம் இறங்கியிருக்கும்,” என்றார்.

பிறகு ஈரம் போய், கரண்ட் மேல் பழி வந்தது. கரண்டுக்குப் பிறகு உதிரி பாகம். மலிவுச் சரக்கு அனுப்புகிறான் என்று மொத்த வியாபாரியைப் போனில் பிடித்துக் கத்தினார். அந்த ஆள், வேறு எந்தக் கடையிலிருந்தும் இப்படிப் புகார் வரவில்லை என்றான். “அப்ப நான் பொய் சொல்றனா?” என்று போனை வைத்துவிட்டு, கடைக்கும் தெருவுக்குமாக நடந்தார். ஒருநாள் ஒரு தராசை மூன்றுமுறை பிரித்து மாட்டினார். வேர்த்து வழிந்தது. “எல்லாத் தராசும் ஒரே பக்கமா பொய் சொல்லுது! இருபது வருஷத்துல இப்படி நான் பார்த்ததே இல்ல.”

அவர் கடையில் இப்படித் தவித்துக்கொண்டிருக்க, வீட்டில் எனக்கு வேறு தவிப்பு.

கல்லு தண்ணீர் குடித்தாள். குடித்தாள் என்றால் சாதாரணமாக இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு ஜாடி காலி. வேலைக்குப் பெரிய பாட்டில் கொண்டுபோனாள், பிறகு இரண்டு. அத்தனையும் உள்ளே போனால் வெளியே வரத்தானே வேண்டும்? எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் கிரீச் என்று ஊரைக் கூட்டும். ராத்திரியில் அது கத்திக் கத்தி என் தூக்கம் போனது. முன்பெல்லாம் படுத்தால் விடிந்துதான் எழுந்திருப்பாள். இப்போது தலையணைக்குப் பக்கத்திலேயே தண்ணீர்ப் பாட்டில்.

பசியும் அப்படித்தான். எனக்கு வைத்திருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, ரொட்டி இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்ப்பாள். ஆனால் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஒரு ஊக்கு குத்தினாள். அடுத்த வாரம் இன்னொரு ஊக்கு. “தின்னதெல்லாம் எங்கடி போகுது?” என்று கேட்டேன். “பொறாமைப்படாதீங்க அண்ணி,” என்று சிரித்தாள். துணிக்கடையில் கூட வேலை செய்கிற பெண்கள் என்ன டயட் என்று கேட்கிறார்களாம். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

பெருமை சீக்கிரம் தீர்ந்துவிட்டது. மாலையில் வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் படுக்கையில் சாய்ந்தாள். தெம்புக்கு என்று பாட்டில் பாட்டிலாக ஜூஸ் வாங்கிக் குடித்தாள். குடிக்கக் குடிக்க இன்னும் தாகம் எடுத்தது. துணியில் இருக்கும் விலைச்சீட்டு எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றாள். எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுந்தாள். கடை சூப்பர்வைசர் வேறு, “வேலை நேரத்துல பாதி நேரம் பாத்ரூம்லதான் இருக்க. போன் பேசுறியா?” என்று எல்லோர் முன்னிலும் கேட்டிருக்கிறார். அன்று வந்து அழுதாள். அழுதுவிட்டு ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள்.

அவரிடம் சொன்னேன். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“உங்க தங்கச்சி சரியில்லைங்க. ஒரு டாக்டர்கிட்ட—”

“தண்ணி குடிக்கிறது நல்லதுதானே. எல்லா டாக்டரும் அதத்தான் சொல்றாங்க.”

“இளைச்சுட்டு வேற வர்றா.”

“யாரு, கல்லா? அவளாவது, இளைக்கிறதாவது! ஐம்பத்திரண்டு,” என்றார் தெருவில் நின்றபடி. அவளுடைய எடையை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அல்லவா?

நான் பக்கத்துப் பூட்டு சாவிக் கடைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சர்க்கரைக்காரர், டீ குடிக்கும்போது சட்டைப்பையில் மாத்திரை கிலுகிலுக்கும். “எனக்கும் ஆரம்பத்துல இந்தத் தாகம்தாம்மா,” என்றவர், உடனே சிரித்துவிட்டார். “ஆனா அது எங்க வயசுக்காரங்க சொத்து. சின்னப் பொண்ணு, அதுவும் ஒல்லிக்குச்சி, அவளுக்கு எங்கேருந்து வரும்? வயித்துல பூச்சி இருக்கும், பூச்சி மருந்து குடுங்க.” கொடுத்தேன். குளியலறையில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. அதற்கும் ஒரு மருந்து தூவினேன்.

அன்று காலை அவளுக்கு வயிற்றுவலி. வாந்தியும் எடுத்தாள். முகம் வெளுத்து, உதடு வறண்டு வெடித்திருந்தது. “லீவு போடு,” என்றேன். “போட்டா வேலையே போயிடும் அண்ணி. சூப்பர்வைசர் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு,” என்று கிளம்பிவிட்டாள். சாயங்காலம் அவளை டாக்டரிடம் கூட்டிப்போவது, அண்ணன் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் நானும் கடைக்கு வந்தேன்.

கடை திறந்து கொஞ்ச நேரத்தில் பழைய பேப்பர் கடைக்காரர் வந்தார். கோபத்தில் குனிய மறந்து ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டார். கோபம் இரண்டு மடங்கானது. பின்னால் ஒரு தள்ளுவண்டியில், இரண்டு நாள் முன்பு இவர் ரிப்பேர் செய்து கொடுத்த தராசு.

“உங்க தராசுல போட்டு வாங்குறேன். பேப்பர் மில்லுல கொண்டுபோய் அவங்க தராசுல போட்டு விக்கிறேன். போற வழியில மூட்டை இளைச்சுப் போகுதே, அது எப்படிங்க? நடந்தா போகுது, இளைக்கிறதுக்கு?”

“மில்லுக்காரன் தராசு திருட்டுத் தராசு,” என்றார் இவர், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமல்.

“ரெண்டு மில்லுல பார்த்துட்டேன். ரெண்டும் ஒரே கணக்குதான் சொல்லுது.”

“அப்ப ரெண்டு பேருமே திருடன்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அலுவலகத்திலிருந்து எங்கள் எடைக்கற்கள். புது முத்திரை பளபளவென்று, ஒன்றுக்கும் பழுதில்லை என்ற சான்றோடு.

“நல்லதாப் போச்சு. இப்பவே தெரிஞ்சுடும், யாரு திருடன்னு,” என்று இவர் கற்களைத் தூக்கினார். பேப்பர்க்காரரும் ஒரு கை கொடுத்தார். ஐந்து கல்லும் மேடையில் ஏறின. நூறு கிலோ. எண் ஓடி நின்றது.

நூற்றுப் பதிமூன்று.

இவர் எல்லாக் கற்களையும் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். நூற்றுப் பதிமூன்று. ரிப்பேர் முடிந்தும் இன்னும் எடுத்துப்போகாமல் மேஜையில் கிடந்த லாண்டரித் தராசை இழுத்துப் போட்டு அதில் ஏற்றினார். அதுவும் நூறைத் தாண்டியது. பேட்டரி நிற்கவில்லை என்று ரிப்பேருக்கு வந்து இன்னும் கை வைக்காத ஒரு தராசு மூலையில் இருந்தது. கடைசியாகக் கற்களை அதில் ஏற்றினார். நூறு. சுத்தமான நூறு.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை ஆடவில்லை, கால் ஆடவில்லை. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

“என்னங்க?”

“தராசு எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு,” என்றார். “வந்தப்ப சரியா இருந்துச்சு. நான்தான் கெடுத்திருக்கேன். ஒவ்வொண்ணா கெடுத்திருக்கேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “அவ ஐம்பத்திரண்டு இல்ல. நாற்பத்தாறு. அதுவும் ரெண்டு நாளைக்கு முன்னாடி.”

பேப்பர்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தது வாய்வழியே கொட்டியது. “நான் தலையால அடிச்சுக்கிட்டேனே! ஜாடி ஜாடியா தண்ணி குடிக்கிறா, ராத்திரி பூரா எந்திரிச்சுப் போறா, சாப்பிட்டுச் சாப்பிட்டு இளைக்கிறான்னு சொன்னேனே! இன்னைக்குக் காலையில வாந்தி வேற.”

என் சத்தம் கேட்டுப் பூட்டு சாவிக் கடைப் பெரியவர் வந்திருந்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. “இளைக்கிறான்னு நீ சொன்னப்ப நான் காதுல வாங்கலம்மா. சின்ன வயசுக்காரங்களுக்கு ஒரு சர்க்கரை வரும்னு எங்க டாக்டர் ஒருதடவை சொன்னாரு. என்னுது மாதிரி மெதுவா வராதாம், வேகமா முத்திடுமாம். வாந்தி வரைக்கும் வந்துடுச்சுன்னா நிக்காதீங்க. ஓடுங்க.”

ஓடினோம். கடையைப் பேப்பர்க்காரர் பார்த்துக்கொண்டார். சண்டைக்கு வந்த மனுஷன்.

துணிக்கடையில் அவள் கவுண்டரில் இல்லை. பின்னால் சரக்கு அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு துணி மூட்டையில் சாய்ந்திருந்தாள். மாடிப்படி ஏறி ஓடி வந்தவள் மாதிரி மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் உட்கார்ந்தேதான் இருந்தாள். கூட இருந்த பெண், “ஏதோ பழ ஜூஸ் குடிச்சிருக்கா போல, வாசனை வருது,” என்றாள். கிட்டே போனேன். அழுகப் போகிற பழம் மாதிரி ஒரு வாசனை, அவள் மூச்சிலிருந்தே வந்தது. பக்கத்தில் கிடந்த பாட்டிலை எடுத்து முகர்ந்தேன். வெறும் தண்ணீர்.

“அண்ணி, தண்ணி,” என்றாள். கண் பாதிதான் திறந்தது.

சூப்பர்வைசர், “சொல்லாம கொள்ளாம இப்படி உள்ள வரக்கூடாதுங்க,” என்று ஆரம்பித்தார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவர் கதவை அகலத் திறந்துவிட்டார்.

இவர் குனிந்து தங்கையைத் தூக்கினார். மூட்டையும் கல்லுமாகத் தூக்கியே வாழ்ந்த கை அது. தூக்கிய கணத்தில் அவர் முகம் உடைந்தது. “நாற்பத்தஞ்சுகூட இல்லடி,” என்று என்னிடம் சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ் அவள் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மெஷினில் வைத்தார். அதில் எண் வரவில்லை. இரண்டு எழுத்துதான் வந்தது.

“என்னம்மா, மெஷின் கெட்டுப்போச்சா? நம்பரே வரலியே,” என்றேன் நான்.

“இல்ல,” என்றார் இவர், நர்ஸ் பதில் சொல்லுமுன். “மெஷின் சரியா இருக்கு. நம்ம தராசுல தாங்காத பாரத்தை வெச்சா நம்பர் போயி கோடு கோடா வருமே, அதுதான் இது. சர்க்கரை அவ்வளவு ஏறியிருக்கு, அதால அளக்க முடியல.” நர்ஸ் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிட விரைந்தார். எந்த மெஷினாக இருந்தாலும் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கிற மனுஷன், அன்று அதைத் தொடக்கூட இல்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தாகம் உண்டா, அடிக்கடி சிறுநீர் போனாளா, எடை குறைந்ததா, பார்வை மங்கியதா என்று கேட்டுக்கொண்டே வேலை பார்த்தார். நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொன்னேன். இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் இன்சுலின். “டைப் ஒன் சர்க்கரை நோய்,” என்றார் டாக்டர் பிறகு. “இனிப்பு சாப்பிட்டதால வந்தது இல்ல. உடம்போட காவல் சக்தியே தப்பாப் புரிஞ்சுக்கிட்டு இன்சுலின் சுரக்கிற இடத்தை அழிச்சிடுது. இன்சுலின் இல்லேன்னா எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புக்குச் சேராது. அதனால உடம்பு தன்னையே கரைச்சுத் திங்குது. அந்த மூச்சு, அந்த வாசனை, வாந்தி எல்லாம் ரத்தத்துல அமிலம் ஏறினதால. இன்னைக்கு வந்தீங்களே, நல்லது. நாளைக்குன்னு விட்டிருந்தா என்னால உறுதி சொல்ல முடியாது.”

பிழைப்பாளா என்று இவர்தான் கேட்டார். “முயற்சி பண்றோம்,” என்றார் டாக்டர்.

அந்த வராந்தாவில் நாங்கள் காத்திருந்த நேரத்தை நான் சொல்லப்போவதில்லை. அவர் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். ஊழியர் ஒருவர் வந்து, மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவு, உட்காருங்கள் என்றார். அதற்குப் பிறகு சத்தம் வராமல், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். உள்ளே விட்டபோது நேராகப் போய்க் கட்டில் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விடிந்து, வெயில் வந்து, அவள் கண்ணைத் திறந்து, “கடைக்கு லீவு சொல்லிட்டீங்களா?” என்று கேட்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. மூச்சு அடங்கிச் சாதாரணமாக வந்துகொண்டிருந்தது.

பிழைத்தாள் என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. வாழ்நாள் முழுக்க, தினமும் பலமுறை ஊசி என்று தெரிந்தபோது அவள் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. “மாத்திரை குடுங்க, அந்தச் சாவிக் கடைக்காரர் மாத்திரைதானே போடுறாரு!” என்றாள். அவருடையது வேறு, உன்னுடையது வேறு என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வயிற்றில் ஊசி குத்தவும், ரத்தம் பார்த்து அளவு போடவும் கற்றுக்கொண்டாள். முதல் சில நாள் கோபத்தில் ஊசியை என் கையில் திணித்து, “நீங்களே குத்துங்க, உங்களுக்குத்தான் குத்த நல்லா வருமே,” என்றாள். குத்தினேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

இவருக்கு அடுத்த வேலை காத்திருந்தது. கெடுத்து வைத்த தராசுகளையெல்லாம் கடை கடையாகப் போய்த் திருத்தவேண்டும். ஐந்து கற்களையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பேப்பர்க்காரரின் வண்டிதான். எங்கே போனாலும் முதல் கேள்வி, “தராசு எப்படிங்க தப்பாச்சு?” பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது. “என் தங்கச்சி இளைச்சுட்டா. நான் கவனிக்கல,” என்பார். அதோடு விடமாட்டார்கள். ஏன் இளைத்தாள், என்ன வியாதி, எப்படித் தெரிந்தது? திருகாணியைக் கழற்றிக்கொண்டே எல்லாம் சொல்வார். அடங்காத தாகம். அடிக்கடி சிறுநீர். சாப்பிட்டும் உடம்பு வற்றுவது, காரணமில்லாத களைப்பு. பழவாசனை மூச்சு வந்துவிட்டால் உட்கார்ந்து யோசிக்காதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்பார். ஒல்லியாக இருந்தாலும் வரும், குழந்தைக்கும் வரும், பெரியவர்களுக்கும் வரும். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுஷன்.

மாவு மில் அம்மாள் அதைக் கேட்டுவிட்டுப் பயந்துபோனார். படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட அவர் மகன் சில நாட்களாக மறுபடி நனைக்கிறானாம். “இப்பவே விரல்ல ஒரு சொட்டு ரத்தம் பாருங்க, ஒரு நிமிஷ வேலை,” என்று இவர் அங்கேயே நின்று விரட்டியிருக்கிறார். பார்த்தார்கள். ஒன்றுமில்லை, சரியான அளவு. மறுநாள் அந்த அம்மாள் கடைக்கே வந்து, “சும்மா இருந்தவளை இப்படிக் கலங்கடிச்சுட்டாரே உங்க வீட்டுக்காரர்,” என்று என்னிடம் சண்டை போட்டார். நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

கல்லு வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை கடைக்கு வந்தாள். தோளில் பை, பைக்குள் ஊசிப் பெட்டி. பழைய ஊக்குகள் இன்னும் பாவாடையில்தான் இருந்தன. இவர் ஒரு தராசில் ஐந்து கல்லையும் ஏற்றி, நூறு காட்டுவதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் இறக்கி முடித்திருந்தார். இடுப்பைத் தேய்த்துக்கொண்டே, “ஏறு,” என்றார்.

ஏறினாள். நாற்பத்தேழரை.

அவர் கை தன்னால் பட்டனை நோக்கிப் போனது. இருபது வருஷப் பழக்கம். பாதி வழியில் நின்றது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“திருத்தலையா?” என்றாள் அவள், தராசை விட்டு இறங்காமல்.

“தராசு சரியா இருக்கு.”

“இனிமே உன் கல்லு நான் இல்லையா அப்ப?” அவள் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அந்தக் கேள்வியில் பழைய கிண்டல் இல்லை. “சொல்லு. நான் உனக்குத் தங்கச்சியா, எடைக்கல்லா?”

எதிராளி கேட்டு முடிக்குமுன் பதில் சொல்கிறவர் அன்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். வெளியே யாரோ குனிந்து உள்ளே வரப் பார்த்தார்கள். அப்புறம் வரச்சொல்லி நான் கையைக் காட்டினேன்.

“தங்கச்சி,” என்றார். “காலையில ஊசி போட்டியா? சாப்பிட்டியா? பாட்டில்ல எவ்வளவு தண்ணி போச்சு? எல்லாத்தையும் சொல்லிட்டுப் போ. எனக்கு வேலை ஒண்ணும் இல்ல.”